டிபனுக்குப் பிறகு சொல்கிறோம்

சென்னையில் முன்பின் தெரியாத ஒருவர் உங்களுக்கு இலவசமாக டிபன் கொடுக்கிறார் என்றால், கேசரிக்கும் காபிக்கும் நடுவில் எங்கேயோ ஒரு வெள்ளைத் திரை இறங்கப் போகிறது என்று அர்த்தம். திரையில் ஒரு முக்கோணம் வரும். அதன் உச்சியில் ஒருவர் காரில் சாய்ந்தபடி சிரிப்பார். அடியில் நீங்கள் இருப்பீர்கள். இந்த ஊரில் கல்லூரிக்குப் போகும் எவருக்கும் இது தெரியும். பதினோரு வருடம் பத்திரிகையில் மோசடிச் செய்திகளைத் திருத்திப் பக்கம் போட்ட எனக்கு மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமை தெரியாமல் போனது.

நான் ஒரு ஃப்ரீமேசன். இதைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்துவார் என்பதால் அவசரமாக விளக்கிவிடுகிறேன். பழைய காலத்துக் கல்தச்சர் சங்கங்களின் வழக்கங்களை அடியொற்றி, மாதம் ஒருமுறை கூடும் ஆண்களின் அமைப்பு அது. கறுப்புக் கோட்டு போட்டுக்கொள்வோம். மனப்பாடம் செய்த வசனங்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மூக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுப்போம். பிறகு சேர்ந்து சாப்பிடுவோம். உலகத்தை ரகசியமாக ஆள்வதில்லை. (எங்கள் கட்டடத்துத் தண்ணீர் மோட்டாரையே எங்களால் ஆள முடிந்ததில்லை.) என் பெரியப்பா மட்டும் கடைசிவரை அதை 'தலையை வெட்டுற இடம்' என்றுதான் சொல்லிவந்தார்.

அப்போது எங்கள் சபையில் மொத்தம் ஒன்பது பேர். எனக்கு முப்பத்து நான்கு வயது. எனக்கு அடுத்த இளைஞருக்கு அறுபத்தொன்று. ஆகவே நான்தான் குழந்தை. எங்கள் வழக்கப்படி ஏழு பேர் இருந்தால்தான் கூட்டத்தைத் தொடங்க முடியும். அந்த வருடம் இரண்டு முறை, ஆறு பேராக உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பியிருந்தோம். ஒன்பதில் இரண்டு பேர் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளிடம் போய்விடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போனால் மிஞ்சுவது ஏழே பேர்; ஒருவர் வராவிட்டாலும் கூட்டம் இல்லை, வேறொரு சபையோடு எங்களை இணைத்துவிடுவார்கள்.

சபைத் தலைவர் வரதராஜன். மயிலாப்பூர்க்காரர், குடிநீர் வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், முப்பத்தெட்டு வருட உறுப்பினர். இரண்டாவது முறை கூட்டம் நடக்காமல் திரும்பியபோது வாசலில் என் தோளைத் தொட்டு, "என் கையால இந்தக் கதவைப் பூட்டும்படியா ஆயிடப்படாதுப்பா. ஏதாவது யோசி. நீதான் சின்னவன்" என்றார்.

யோசிப்பதில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. எங்களில் யாரும் இன்னொருவரைப் பார்த்து 'வந்து சேருங்கள்' என்று கேட்கக் கூடாது. அவராக விரும்பி, அவராகவே கேட்க வேண்டும். நானும் அப்படிச் சேர்ந்தவன்தான். ஒரு செய்திக்காகப் போய், கேள்வியாகக் கேட்டு, கடைசிக் கேள்வியாக 'நான் சேரலாமா?' என்று கேட்டுவிட்டேன். அருமையான வழக்கம். ஆனால் ஊரில் யாருமே கேட்காவிட்டால் என்ன செய்வது என்று முன்னோர்கள் எழுதிவைக்கவில்லை.

நான் கண்டுபிடித்த தீர்வு வினாடி வினா. இளைஞர்களை ஒரு மாலை அழைப்போம். விளையாடட்டும், சாப்பிடட்டும், எங்களைப் பார்த்துப் பழகட்டும், தாமாகவே கேட்கட்டும். மந்தைவெளியில் சீமந்தம், வளைகாப்பு நடக்கும் ஒரு சிறிய ஹாலைப் பிடித்தோம். போஸ்டரில் எங்கள் சின்னமான மூலைமட்டம், கவராயம் என்ற கட்டடக் கருவிகளைப் போடலாம் என்றார் வரதராஜன். நான் மறுத்தேன். முந்தைய வருடம் அதைப் போட்டு ஒரு ரத்ததான முகாம் நடத்தியதில் நான்கு போன் வந்தது. நான்கு பேருமே வீட்டு பிளானுக்கு அப்ரூவல் வாங்கித் தருவீர்களா என்றுதான் கேட்டார்கள். ஆகவே சின்னத்தை வெட்டினேன். சபையின் பெயரை வெட்டினேன். உதவி ஆசிரியனின் கை சும்மா இருக்காது. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: "ஞாயிறு மாலை நான்கு மணி. வினாடி வினா. டிபன். அனுமதி இலவசம்."

அதோடு விட்டேனா? சகோதரர்களுக்கு (சபையில் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைப்போம்) ஒரு பக்க அறிவுரை வேறு தயாரித்தேன். சபையைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். மதமும் அரசியலும் வேண்டாம். கைகுலுக்குங்கள், ஆனால் நம் ரகசியக் கைகுலுக்கல் வேண்டாம். 'நாங்கள் ரகசியச் சங்கம் இல்லை' என்று சொல்லவே சொல்லாதீர்கள், சொன்னால் அப்படித்தான் தோன்றும். யாராவது எதையாவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். எல்லோரும் அதை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்கள். வசனங்களை மனப்பாடம் செய்தே பழகியவர்கள். ஒரு எழுத்து பிசகாமல் கடைப்பிடிப்பார்கள் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

இருபத்து மூன்று பேர் வந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரே மே மாத வெயிலில் கறுப்புக் கோட்டும் கறுப்பு டையுமாக எட்டுப் பெரியவர்கள் சுவரை ஒட்டி நின்றிருந்தார்கள். ஓய்வு பெற்ற மெய்க்காப்பாளர்கள் சங்கத்தின் ஆண்டுவிழா மாதிரி இருந்தது. ஒவ்வொருவரும் வருகிறவரின் கையைப் பிடித்து, "வாங்க, ரொம்ப சந்தோஷம்" என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தபடி நின்றார்கள். எங்கள் சபையின் பல் டாக்டர் மட்டும், மற்ற எல்லாத் தலைப்புகளும் தடை செய்யப்பட்டுவிட்டதால், வரவேற்புக் கேசரித் தட்டை நீட்டியபடி, வந்தவர்களிடம் ஈறு வீக்கம் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

வினாடி வினா சூடுபிடித்தது. நான் மேடையில் மைக்கோடு நின்றேன். கீழே, யாரோ ஒரு பெரியவரிடம் ஏதோ கேட்பதும், அவர் மெல்லத் திரும்பி என்னை நோக்கி விரலை நீட்டுவதும் தெரிந்தது. பிறகு இன்னொருவர். இன்னொரு விரல். அரை மணி நேரத்தில் ஹாலின் எல்லா மூலைகளிலிருந்தும் விரல்கள் என்னை நோக்கி நீண்டன. நான் அதை என் நடத்தும் திறமைக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முன்வரிசையில் ஷெரின் என்ற பெண், சாந்தோமில் பள்ளி ஆசிரியை, எழுந்து நின்றாள்.

"சார், நீங்களே கேட்டுக்கிட்டிருக்கீங்க. நாங்க ஒரு கேள்வி கேக்கலாமா?"

"தாராளமா."

"நீங்கள்லாம் யாரு?"

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். அடையாறு பாலத்தில் பைக்கில் போகும்போதெல்லாம் இதற்கான பதிலை ஒத்திகை பார்த்திருக்கிறேன். ஆனால் அப்போது மணி நாலே முக்கால்தான். இரண்டு சுற்று பாக்கி. நிகழ்ச்சி நிரல் என்று ஒன்று இருக்கிறதல்லவா? மைக்கைச் சரிசெய்துகொண்டு, என் வாழ்க்கையின் மிக மோசமான வாக்கியத்தைச் சொன்னேன்.

"நல்ல கேள்வி. டிபனுக்குப் பிறகு அதைப் பத்தி விரிவா சொல்றோம்."

 இருபத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் செல்போனை எடுத்தார்கள்.

இங்கே இன்னொரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டம் நடக்கும்போது கதவுக்கு வெளியே ஒரு சகோதரர் காவலாக நிற்பார். வெளியாள் யாராவது வந்தால் கதவை மூன்று முறை தட்டி உள்ளே அறிவிப்பார். எங்களுக்குக் காவலர் கணேசன், வங்கி மேலாளராக இருந்தவர், இருபது வருடமாக அந்த வேலையைச் செய்கிறவர். அன்று அவரை யாரும் காவலுக்கு நிற்கச் சொல்லவில்லை. ஆனால் ஏசி குளிர்ச்சி வெளியே போகிறது என்று பல் டாக்டர் கதவைச் சாத்தியதும், பழக்க தோஷத்தில் கணேசன் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே போட்டு உட்கார்ந்துவிட்டார். யார் வெளியே வந்தாலும் எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு, "எங்க போறீங்க தம்பி?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் போன இரண்டு பேர் பாத்ரூம் போகிறோம் என்று சொல்லிவிட்டு உள்ளேயே திரும்பி வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவன் பெயர் தில்லி, ராயப்பேட்டையில் டூவீலர் மெக்கானிக். பக்கத்தில் இருந்தவனிடம் அவன் சொன்னது மேடை வரை கேட்டது.

"மச்சி, உள்ள வந்தா வெளிய உடமாட்றாங்கடா. வாசல்ல ஒரு பெர்சு குந்திக்கினு கீது. இன்னாவோ பெருசா விக்கப் போறாங்க."

"இன்சூரன்ஸா இருக்குமா?"

"இன்சூரன்ஸுக்கு எவன்டா கோட்டு போட்றான்? கிட்னியா இருக்கப் போவுது, பாத்துக்க."

நான் அடுத்த கேள்விக்குப் போனேன். 

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. டக். டக். டக். மூன்று முறை, சம இடைவெளியில், அச்சு அசலாக. சுவரோரம் நின்றிருந்த பெரியவர்கள் அனைவரும் அனிச்சையாக விறைத்து நிமிர்ந்து, கதவை நோக்கித் திரும்பினார்கள். அதைப் பார்த்ததும் இருபத்து மூன்று பேரும் பயந்து எழுந்துவிட்டார்கள்.

கதவைத் திறந்துகொண்டு கணேசனையும் தாண்டி ஓர் அம்மாள் உள்ளே வந்தார். பின்னால் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பிரவீன், நாங்கள் இருந்த இடத்தின் அடையாளத்தைப் போனில் அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறான். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

"டேய் பிரவீன், எதுலயாவது கையெழுத்து போட்டியா?"

"இல்லம்மா."

"போடாத. நகரு." என்னைப் பார்த்தார். "சார், என் பையனை விட்டுடுங்க. போன வருஷம் இப்படித்தான் டிபன் குடுத்து ஒரு கம்பெனியில சேத்துவிட்டாங்க. வீட்ல இன்னும் பன்னெண்டு டப்பா புரோட்டீன் மாவு கெடக்கு. தோசையில கலந்து பாத்தேன், இட்லியில கலந்து பாத்தேன், நாய் கூடத் திங்க மாட்டேங்குது. நீங்க எதை விக்கிறீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவர்களின் விரல்கள் மறுபடி என்னை நோக்கி எழுந்தன. நான் வாயைத் திறந்தேன். "அதாவதும்மா, நாங்க ரகசியச் சங்கம் எல்லாம் இல்ல..." என்று ஆரம்பித்தேன். என் அறிவுரையில் நானே தடை செய்த அந்த ஒரே வாக்கியம். பக்கத்து வீட்டுப் பெண்களில் ஒருவர், "ஐயையோ" என்றார்.

வரதராஜன்தான் முன்னால் வந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். உள்ளே சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நாங்க எதையும் விக்கலைம்மா. எங்ககிட்ட ஆள் இல்லை. அதான் விஷயம்."

"பிரதர், ரூல்!" என்று பல் டாக்டர் பதறினார்.

"யாரையும் கூப்பிடாதேன்னுதான் ரூல். கேட்டா மறைன்னு ரூல் இல்லை." அந்த அம்மாளிடமே பேசினார். "முப்பத்தெட்டு வருஷமா மாசம் ஒரு நாள் கூடிண்டு வரோம். ஏழு பேர் இருந்தாத்தான் கூடலாம். இப்போ ஒன்பது. அடுத்த வருஷம் ஏழு இருப்போமான்னு தெரியலை. சின்னவா வந்து பார்த்தா, ஒருத்தருக்காவது பிடிக்காதான்னு ஒரு ஆசை. வெளியில யார்கிட்டயும் பேசிப் பழக்கம் இல்லை. அதான் இப்படி அசடு வழிஞ்சுண்டு நிக்கறோம்."

 அந்த அம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன சார்?"

தில்லி கையைத் தூக்கினான். "உள்ள இன்னா சார் பண்ணுவீங்க?"

"வசனம் சொல்லுவோம். ஒழுங்கா இருக்கணும்னு ஒருத்தருக்கொருத்தர் ஞாபகப்படுத்திப்போம்."

"அவ்ளோதானா?"

"அதுவே ரொம்பக் கஷ்டம்பா."

முதல் சிரிப்பு அங்கேதான் வந்தது. பிறகு கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. சாமி கும்பிடுவீர்களா, எந்தச் சாதியும் சேரலாமா, எதற்குக் கோட்டு. எட்டுப் பெரியவர்களும் பேசினார்கள், பல வருடத் தாகம் தீரப் பேசினார்கள். ஷெரின், "அப்ப இது பாய்ஸ் கிளப்பா சார்?" என்றாள். வரதராஜன் தயங்காமல், "ஆமாம்மா, எங்க சபையில ஆம்பளைகள் மட்டும்தான்" என்றார். "மழுப்பாம சொன்னீங்களே, அது போதும். ஆனா உங்க குவிஸ் மாஸ்டரோட மூணாவது கேள்விக்குப் பதில் தப்பு." தப்புத்தான். உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு வாரத்தில் இரண்டு பேர் தாமாகக் கேட்டு எழுதினார்கள்: தில்லி, பிரவீன். சேர்ப்பதற்கு முன் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம். பிரவீன் வீட்டில் நாங்கள் அவனை விசாரிக்கப் போய், அவன் அம்மா எங்களை விசாரித்தார். முக்கால் மணி நேரம். வரதராஜனின் ஓய்வூதியப் புத்தகத்தைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் காபி கொடுத்தார்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வினாடி வினா நடக்கிறது, நடத்துவது ஷெரின். அங்கே வந்து தாமாகக் கேட்டுச் சேர்ந்தவர்களும் உண்டு. போஸ்டர் எழுதும் பொறுப்பிலிருந்தும் என்னை விடுவித்துவிட்டார்கள். இப்போது போஸ்டரில் சபையின் பெயர், சின்னம் எல்லாம் பெரிதாக இருக்கின்றன. வீட்டு பிளான் கேட்டுப் போன் செய்கிறவர்களையும் தில்லி விடுவதில்லை. "பிளான் இல்ல சார், ஆனா ஞாயித்துக்கெழம வாங்க" என்கிறான். என் வீட்டில், நான் எந்தக் கேள்விக்குக் கொஞ்சம் இழுத்தாலும், என் மனைவி மகளைப் பார்த்து, "அப்பா டிபனுக்குப் பிறகு விரிவா சொல்லுவார்" என்கிறாள். மகளுக்கு ஐந்து வயது. அவளும் இப்போது ஹோம்வொர்க் விஷயத்தில் அதையே சொல்கிறாள்.

பிரவீனின் அம்மாவுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. மாதாமாதம் கூட்டம் முடிந்து நாங்கள் சாப்பிட உட்காரும் நேரத்துக்குச் சரியாக அவனுக்குப் போன் வரும். அவன் அதை ஸ்பீக்கரில் போடுவான்; மேசையே அமைதியாகிவிடும்.

"ஏதாவது வித்தாங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"இன்னிக்கு எத்தனை பேரு?"

"பதிமூணு."

"ஏழுக்கு மேலதானே? சரி, சாப்பிடு."