இல்லாத நாலு மாடுகள்

டெஸ்பாட்ச் அக்காவைப் பட்டினி போட எந்த அரசாங்கத்தாலும் முடியாது. கையில் ஒரு கட்டுக் கீரைக்குக் காசு இருந்தால் போதும், தட்டில் ஐந்து வகை வைப்பார்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான புதிதில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறையும் சமையற்கட்டும் உள்ள வீட்டில் நாங்கள் நான்கு பெண்கள் குடியிருந்தோம். எல்லோருக்கும் ஒரே அலுவலகம். ஊருக்கு அனுப்பியது போகச் சம்பளத்தில் மிஞ்சுவது சோப்புக்கே சரியாக இருக்கும். தபால்களைப் பதிந்து அனுப்பும் வேலையில் இருந்ததால் எங்களில் மூத்தவருக்கு டெஸ்பாட்ச் அக்கா என்று பெயர். நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். சமையல் பொறுப்பை யாரையும் கேட்காமல் அவரே எடுத்துக்கொண்டார்.

காய் விற்கிறவன் காய்க்குத்தான் காசு கேட்கிறான், தோலுக்குக் கேட்பதில்லை என்பது அவர் கட்சி. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். காலிஃபிளவர் தண்டு பொரியலாகும். வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கி வதக்கி வைத்தால், நாங்கள் காயை விட்டுவிட்டு அதற்குச் சண்டை போடுவோம். நான் ஒருமுறை முள்ளங்கி இலையைக் குப்பையில் போட்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கோடை வந்தால் அவர் கண் தர்பூசணி மேல். பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் சிவப்பை மட்டும் வழித்துக்கொண்டு, வெள்ளைச் சதையோடு ஓட்டைத் தூக்கி எறிவார்கள். அக்கா தினமும் பையோடு போய் அள்ளி வருவார். பச்சைத் தோலைச் சீவிவிட்டு, வெள்ளையைப் பாசிப்பருப்போடு வேகவைத்துத் தேங்காய் அரைத்து ஊற்றினால், பூசணிக்காய்க் கூட்டு கிட்டே நிற்க முடியாது.

"சும்மாவாக்கா குடுக்கிறாரு?" என்று கேட்டோம்.

"நல்ல மனுசன்டி," என்றதோடு சரி.

மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டு அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றார். பக்கத்து ஊரான அடி அண்ணாமலையில் நிலம், மாடு என்று இருக்கும் குடும்பம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவர் சரி என்று சொல்லியாகிவிட்டது. அவர் அம்மாதான் இன்னும் வாய் திறக்கவில்லை. எனக்கோ மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது.

"கடைத்தெருவுக்கு வந்தேன். பொண்ணு எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுப் போலாம்னு தோணுச்சு," என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் அரிசி, பருப்பு, அரை மூடித் தேங்காய், முந்தின நாள் அள்ளி வந்த தர்பூசணி ஓடு, அவ்வளவுதான். அக்கா அசரவில்லை. "உக்காருங்கம்மா, சாப்ட்டுதான் போகணும்," என்றார். முக்கால் மணி நேரத்தில் தட்டு வைத்துவிட்டார்.

அம்மா இரண்டாம் தடவை கூட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது, ஜூஸ் கடைக்காரர் தோளில் சாக்கு மூட்டையோடு எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்கு நீங்க வரலியேக்கா. மாடுங்க பட்டினி கெடக்குமேன்னு நானே ஓட்டை எடுத்தாந்தேன். எங்க கட்டியிருக்கீங்க?"

"இங்க ஏதுப்பா மாடு?" என்றார் அம்மா.

"நாலு மாடு கீதுன்னு அக்கா சொல்லுச்சே. கன்னு போட்டா சீம்பால் தரேன்னு வேற சொல்லியிருக்குது."

அம்மா சாக்கைப் பார்த்தார். தட்டில் இருந்த கூட்டைப் பார்த்தார். பிறகு எங்களை ஒவ்வொருத்தியாக எண்ணினார். சரியாக நாலு. அக்கா கரண்டியோடு அப்படியே நின்றார். என் கல்யாணம் போச்சு என்று முடிவே செய்துவிட்டேன்.

"எங்க வூட்டுல ஆறு மாடு," என்றார் அம்மா நிதானமாக. "வருசா வருசம் இதை அதுங்களுக்குத்தான் கொட்டறேன். இம்மா ருசின்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல. இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."

ஜூஸ் கடைக்காரருக்கும் ஒரு தட்டு வந்தது. "நல்லாக்கீதுக்கா. இன்னா காய் இது?" என்றார். அக்கா அவர் தட்டில் மறுபடி கூட்டை ஊற்றினார்.

புறப்படும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாசக் கடைசியில இப்படிச் சாப்புடற பொண்ணு எங்க வூட்டையும் நல்லா நடத்தும். வைகாசியிலயே வச்சிக்கலாம்." எனக்கு வெந்நீர் மட்டும்தான் வைக்கத் தெரியும் என்பதை அக்கா கடைசிவரை சொல்லவில்லை.

கல்யாணப் பந்தியில் மணப்பெண் பரிமாறக் கூடாது என்று உறவுக்காரர்கள் தடுத்தார்கள். நான் கேட்கவில்லை. அக்காவை முதல் இலையில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாக வைத்தேன். போதும் போதும் என்று கையால் மறித்தார். "இன்னும் கொஞ்சம் சாப்புடுக்கா," என்றேன். இத்தனை நாளில் அதை அவரிடம் யாருமே சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மறித்த கையை விலக்கி இன்னும் ஒரு கரண்டி வைத்தேன்.