நான் வாசித்த நேற்றைய கடல்

வாசிக்கத் தெரிந்தவர்களுக்குக் கண் இருந்தால் போதும். தெரியாதவர்களுக்குத்தான் மூளை வேண்டும். நான் மூளையை வைத்துக் காலம் தள்ளியவள். பஸ்ஸில் பலகையைப் பார்க்க மாட்டேன், யார் ஏறுகிறார்கள் என்று பார்ப்பேன். கடிதம் வந்தால், "கை ஈரமா இரிக்கி, நீ வாசி" என்று பிள்ளைகளிடம் நீட்டுவேன். எழுத்துக்கூட்ட அறவே தெரியாது என்றில்லை. சொல்லின் கடைசிக்கு வருவதற்குள் முதலெழுத்து மறந்துபோகும், அவ்வளவுதான். (இதை நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். "இதையும் எழுதவா உம்மா?" என்கிறாள். எழுது.)

என் மகன் ரிஸ்வானுக்குக் கம்பியூட்டர் வேலை. சம்பளத்துக்கு ஒரு வேலை, சம்பளமில்லாமல் இன்னொரு வேலை. பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து, கடலின் நிலையைப் போனில் காட்டும் மென்பொருள் ஒன்றைச் செய்திருந்தார்கள். யாரும் சும்மா எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.

"அப்ப அது ஆருக்குச் சொந்தம்?" என்று என் கணவர் கேட்டார்.

"எல்லாருக்கும் வாப்பா."

"அப்ப ஆருக்கும் இல்ல எண்டு சொல்லு."

அதன் புதிய பதிப்பு வெளிவர இருந்தது. எது இந்தப் பதிப்பில் சேரும், எது அடுத்ததற்குக் காத்திருக்கும் என்று கூடிப் பேசித்தான் முடிவெடுப்பார்களாம். ரிஸ்வான் செய்தது, திரையில் இருப்பதைப் போனே தமிழில் வாய்விட்டுச் சொல்லும் பகுதி. மாதக்கணக்கில் அதோடு கிடந்தான். ஆனால், 'உங்கள் ஊரில் எல்லோருக்கும் வாசிக்கத் தெரியுமே, இது இப்போது தேவையா' என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். தேவை என்று காட்டத்தான் அவன் என்னைப் பிடித்திருக்கிறான். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று அவன் சொன்னது வேறு.

"உம்மா, நாளைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம். கெமராக்கு முன்னால இரிந்து, இந்தப் போனப் பாவிச்சுக் காட்டுங்க."

"வெள்ளக்காரங்களும் பாப்பாங்களா?"

"ஓம். நீங்க வழமையாச் செய்யிற மாதிரி செஞ்சாக் காணும்."

வழமையாகச் செய்தால் மானம் போகும். கற்பிட்டியில் மூன்று வள்ளம் வைத்திருந்த வீட்டுப் பெண், உலகத்தின் முன்னால் எழுத்துக்கூட்டித் தடுமாறுவதா? போனை முந்தானையில் மறைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் சவ்பியாவிடம் போனேன். (மகளிடம் கேட்டால் அண்ணனிடம் சொல்லிவிடுவாள். சொல்லியிருப்பேன் என்று அவளே இப்போது ஒத்துக்கொள்கிறாள்.)

"இதில உள்ளத ஒண்டும் விடாம வாசி சவ்பியா."

"என்னத்துக்கு ராத்தா?"

"வாசி எண்டா வாசி."

அவள் வாசித்தாள். சிறுவயதில் ஓதப்பள்ளியில் குர்ஆன் சூறாக்களைப் பாடமாக்கிய வாய் இது. பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்வதற்குள் முழுவதும் மனப்பாடம்.

மறுநாள் என் கணவருடைய மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தேன். (அதைப் போட்டால் எனக்குக் கண்ணில் எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லையே.) லெப்டொப்பில் கட்டம் கட்டமாக முகங்கள். நடுவில் தாடி வைத்த ஒரு பெரியவர், அவர்தான் தலைவர். ஓரத்தில் கனடாவிலிருந்து சுபா என்றொரு தமிழ்ப் பிள்ளை.

"உம்மா, அந்தக் காதுப் படத்த அமத்துங்க, பேசும்" என்றான் ரிஸ்வான்.

"அது எனக்கென்னத்துக்கு?" என்று போனை உயர்த்திப் பிடித்து, ஓதுகிற ஆட்டத்தோடு தொடங்கினேன்:

"கற்பிட்டி தொடக்கம் மன்னார் வரையான கடல் கொந்தளிப்பாகக் காணப்படும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். பற்றரியில் மின் குறைவாக உள்ளது. உடனே சார்ஜ் செய்யவும்."

சுபா வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

தாடிக்காரர் ஏதோ சொன்னார். ரிஸ்வானின் முகம் வெயிலில் காய்ந்த கருவாடுபோல் சுருங்கியது.

"என்ன செல்றார்?"

சுபாதான் சொன்னாள்: "அம்மா நல்லா வாசிக்கிறா, அப்ப குரல் பகுதி அடுத்த பதிப்புக்கு நிக்கட்டும் எண்டு சொல்றார்."

"நான் வாசிச்சா குரல் ஏன் நிக்கோணும்?"

"அது வாசிக்கத் தெரியாத ஆக்களுக்குத்தானே உம்மா" என்றான் ரிஸ்வான், மேசையைப் பார்த்தபடி.

"அப்ப என்னய ஏன் கூப்பிட்ட?"

அவன் மேசையை விட்டு என் கையைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் பதில்.

"எப்ப இரிந்து தெரியும் மகன்?"

"சின்னதில இரிந்தே. பகல் தூங்கி எழும்பினாலும் கை ஈரம் எண்டு செல்லுவீங்களே."

இத்தனை வருடமாக, காய்ந்த கையைப் பார்த்துக்கொண்டே எனக்கு வாசித்துத் தந்திருக்கிறான். நேற்றும்கூட, 'உங்களுக்கு வாசிக்கத் தெரியாததால் வாருங்கள்' என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. என் மானத்தை அவன் காத்தான். அவன் வேலையை நான் கவிழ்த்தேன்.

கண்ணாடியைக் கழற்றினேன். "சுபா மகள், அந்தப் பெரியவர்ட்டச் செல்லுங்க. எனக்கு வாசிக்கத் தெரியா. பாடமாக்கித்தான் சென்னேன்."

அவள் சொன்னாள். பிறகு என்னிடம், "அம்மா, அது நேற்றைய அறிவித்தல். இண்டைக்குக் கடல் அமைதி எண்டு போட்டிருக்கு" என்றாள்.

கடல் தினமும் மாறும் என்று எனக்குத் தெரியாதா? எழுத்தும் கூடவே மாறும் என்றுதான் தோன்றவில்லை. எழுதியது எழுதியதுதானே என்று இருந்துவிட்டேன்.

தாடிக்காரர் சிரிக்கவில்லை. முகத்தைக் கெமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்து, காதுப் படத்தை ஏன் அமத்தவில்லை என்று கேட்டார்.

"வாசிக்கத் தெரியாதெண்டு காட்ட ஒரு பொத்தான் வெச்சா, அத நான் மௌத்தாகும் வரைக்கும் அமத்த மாட்டேன்" என்றேன். சுபா அதை அப்படியே சொல்லியிருப்பாள் போல. தாடிக்காரர் மற்றவர்களிடம் ஏதோ கேட்டார். பிறகு ஒவ்வொரு கையாக உயர்ந்தது. குரல் பகுதி இந்தப் பதிப்பிலேயே வந்தது. பொத்தான் இல்லை. திறந்தவுடன், வாசிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரேமாதிரிப் பேசும்.

ரிஸ்வான் என்னைக் கட்டிப்பிடித்து, "உம்மா, போன சார்ஜ் பண்ணுங்க" என்றான்.

அத்தோடு முடிந்திருக்கலாம். இந்த வீட்டில் எதுவும் முடிவதில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் யார் பேசினாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். போன மாதம் மகளுக்குச் சம்பந்தம் பேச ஒரு தரகர் வந்தார். மாப்பிள்ளையின் படிப்பு, குணம், தொழுகை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்புவித்தார். என் கணவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, இது இண்டைய கடலா, நேத்தைய கடலா?" என்றார்.

தரகர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு நல்ல அமைதிதானே காக்கா" என்றார்.

மகளும் மகனும் குசினிக்குள் ஓடிவிட்டார்கள். நான் மட்டும் சிரிக்காமல் இருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அந்த மனிதருடைய நிலைமை எனக்கல்லவா தெரியும்.