சொல்லாமல் விட வேண்டியவை

எழுதிக் கொடுத்துவிடுவது, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒருத்தராலும் ஒன்றும் செய்ய முடியாதபடி எழுதிக் கொடுப்பது என்று ஆனந்தகுமார் முடிவு செய்தார். நாற்பத்தெட்டு வயதில் ஆண்பிள்ளைக்கு வருகிற முடிவுகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். மறுக்கத் தைரியம் இருக்காது. செய்ய மனசும் வராது.

பெங்களூரில் இருபத்திரண்டு வருஷம் மென்பொருள் கோடு எழுதியவர். ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு 'உங்கள் பங்களிப்புக்கு நன்றி' என்றார்கள். பத்தேகாலுக்கு லேப்டாப் தானாகப் பூட்டிக்கொண்டது. கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற சொந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம். நானாகத்தான் வந்தேன் என்று ஊருக்குள் சொல்லிவைத்திருந்தார். ஊரும் நம்புகிற மாதிரி தலையாட்டியது.

வந்த சூட்டில் தென்னை விவசாயிகள் சங்கத்துக்கு ஒரு மென்பொருள் எழுதினார். சங்கத்தில் தொண்ணூறு தோப்பு. நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு தரம் ஒவ்வொரு தோப்பிலும் காய் போட்டாக வேண்டும். மரமேற இருப்பதோ செல்லத்துரையின் ஆட்கள் மட்டும். எந்த நாள் எந்தத் தோப்பு என்று மென்பொருள் முறை போட்டுக் கொடுக்கும். இதன் பயனாக ஆனந்தகுமாருக்கு வீட்டு மாடியில் ஓர் அறை, ஒரு சுழல் நாற்காலி, 'சாப்ட்வேர்க்காரர்' என்றொரு பெயர். அந்தப் பெயர் மட்டும் இல்லையென்றால், காலையில் எழுந்து எந்தப் பக்கம் நடப்பது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

அந்தப் பெயரைத்தான் சங்கத்துச் செயலாளர், மலையாளம் கலந்து பேசுகிற ஜின்சன், ஒரு நாள் காலை ஸ்கூட்டரில் வந்து அசைத்துப் பார்த்தார்.

"சேட்டா, இனி சின்னச் சின்ன மாத்தத்துக்கு எல்லாம் உங்களைப் புத்திமுட்டிக்க வேண்டா. கமிட்டி ஒரு ஏஐ வாங்கியிருக்கு. கோடு முழுக்க அதுவே வாசிச்சு, அதுவே திருத்தும்."

"திருத்தட்டும்."

"ஆனா அதுக்கு ஒரு வழிகாட்டி ஃபைல் வேணும். எது எங்க இருக்கு, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அதை வாசிச்சிட்டுத்தான் அது வேலை தொடங்கும்."

"யார் எழுதறது?"

"நிங்கள் தன்னே. வேற யாருக்கு அறியும்?"

வேற யாருக்கு அறியும். இந்த மூன்று சொல்லில்தான் ஆனந்தகுமார் மூன்று வருஷமாகக் குடியிருந்தார். அதைக் காலி செய்து சாவியையும் அவரே கொண்டுவந்து தர வேண்டுமாம்.

அன்று மத்தியானமே திட்டம் தயார். கோடு முழுவதையும் யார் வேண்டுமானாலும் வாசித்துப் புரிந்துகொள்ளலாம், ஏழு இடங்களைத் தவிர. நாற்பத்தொன்றாம் தோப்பு, செவ்வாய்க்கிழமை என்றால் தாண்டிப் போ. பன்னிரண்டும் பதின்மூன்றும் ஒரே நாளில் வரக் கூடாது. இப்படி ஏழு. பக்கத்தில் காரணம் எழுதியிருக்காது. பார்க்கிற எவனுக்கும் பைத்தியக்காரன் எழுதியதாகத்தான் தோன்றும். வழிகாட்டியில் மற்றதையெல்லாம் விரிவாக எழுதுவது, இந்த ஏழைப் பற்றி மட்டும் மூச்சு விடாமல் இருப்பது. ஏஐ அவற்றைக் குப்பை என்று பெருக்கித் தள்ளும். முறை குளறும். ஊர் கூடும். ஜின்சன் ஸ்கூட்டரை விட்டு இறங்குவதற்கு முன்பே கையைக் கூப்புவார்.

திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. அந்த ஏழு ஏன் எழுதப்பட்டன என்பது ஆனந்தகுமாருக்கே மறந்துவிட்டது. இன்னதென்று தெரியாததை எப்படி ஒளிப்பது? முறையாகத்தான் செய்ய வேண்டும் என்று ஒரு தாளை எடுத்து, தலைப்பில் 'சொல்லாமல் விட வேண்டியவை' என்று எழுதிக்கொண்டு சமையலறைக்கு இறங்கினார்.

"ஏம்புள்ள செல்வி, பழனாத்தா தோப்புக்குச் செவ்வாக்கெழம முறை உழாம எழுதி வெச்சிருக்கறேன். எதுக்குன்னு ஞாபகம் இருக்குதா?"

அவர் மனைவி செல்வப்பிரியா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "அவங்க ஊட்டுக்காரரு மரத்துல இருந்து உழுந்தது செவ்வாக்கெழமைங்க. அன்னைக்கு அந்தத் தோப்புல யாரு மரமேறினாலும் அந்தம்மாவுக்குச் சோறு எறங்காது. நாந்தானுங்க வந்து சொன்னேன்."

"அட, நான் ஏதோ தப்பா உழுந்த வரின்னு நெனச்சிட்டிருந்தேன்."

"உழுந்தது அந்த மனுசனுங்க. வரி இல்லீங்க."

ஆனந்தகுமார் குனிந்து எழுதிக்கொண்டார்.

"கருப்புசாமி தோப்பும் அவரு தம்பி மணிகண்டன் தோப்பும்?"

"அண்ணந்தம்பிக்குப் பேச்சு இல்லீங்க. ரெண்டு தோப்புக்கும் அந்த ஒரே இட்டேரித் தடந்தான். ஒரே நாள் விட்டீங்கன்னா ரெண்டு வண்டியும் வேலிக்கு நடுவால எதிரெதிரா நின்னுக்கும். யாரு பின்னால எடுக்கறதுன்னு பொழுது உழுகிற வரைக்கும் நிப்பாங்க."

"செல்லத்துரைக்கு வெள்ளிக்கெழம பாதி நாள்தான் போட்டிருக்குது."

"பதினோரு மணிக்கு மரத்த உட்டு எறங்கிருவாருங்க. கோயிலுக்குப் போறேம்பாரு."

"பக்திமான்தான்."

"அந்தக் கோயிலுக்குக் கள்ளுஷாப்பு வழியாத்தான் போகோணுங்க. எதுக்குங்க இதெல்லாம் இப்பக் கேக்கறீங்க?"

"சும்மா. ஒரு ஒழுங்குக்கு."

"தாள எண்ணெய் மேல வெக்காதீங்க. குடுங்க, மீதிய நானே எழுதித் தாரேன். உங்க கையெழுத்து உங்களுக்கே புரியாது."

கள்ளுக்கு விட்ட மரங்கள், பாதி தமிழ்நாட்டிலும் பாதி கேரளத்திலும் நிற்கிற தோப்பு என்று மீதி நாலையும் அவளே எழுதினாள். சுத்தமான, வட்டமான எழுத்து. ஆனந்தகுமாருக்கு மனசு இளகியது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் இவள் ஒரு வேலையில் இப்படிக் கூட நின்றது இதுதான் முதல் தடவை என்று நினைத்தார். அப்படி நினைத்தவருக்குப் பின்னால் கிடைத்தது போதாதுதான்.

பிறகு மாடியேறி, நாலு நாள் உட்கார்ந்து, பதினான்கு பக்கம் இங்கிலீஷில் எழுதினார். மென்பொருளின் தத்துவம். அதன் கட்டமைப்பு. அது பிறந்த வரலாறு. வரலாற்றில் பெங்களூர் நண்பர்கள் மூன்று பேருக்கு நன்றி. ஏழு இடங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஜின்சனுக்கு அனுப்பிவிட்டு, நல்ல சட்டை ஒன்றைத் தேய்த்து மாட்டிவைத்தார், அழைப்பு வந்தால் உடனே கிளம்ப.

அடுத்த வாரம் மழை பிடித்தது. ஆறு நாள் யாரும் மரமேற முடியவில்லை. முறை முழுவதையும் புதிதாகப் போட வேண்டும். ஜின்சன் அதை ஏஐயிடம் கொடுத்தார் என்று கேள்விப்பட்டதும், ஆனந்தகுமார் காபி டம்ளரோடு மாடிச் சுவரோரம் போய் நின்றார். இட்டேரி அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

திங்கள், கருப்புசாமியின் வண்டி வந்தது. தனியாகப் போனது. செவ்வாய், பழனாத்தாள் வீட்டு வாசலில் அமைதியாக முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். புதன், மணிகண்டன் வண்டி. அதுவும் தனியாக. வெள்ளி பதினோரு மணிக்குச் செல்லத்துரை கோயில் பக்கம் நடந்தார்.

"சாப்ட்வேர்க்காரரே, முறை இந்தத் தடவ சுத்தமா வந்திருக்குதுங்க," என்று கருப்புசாமி கீழேயிருந்து சொல்லிவிட்டுப் போனார். "முன்னயவிட."

காபி ஆறியது. ஆனந்தகுமார் உள்ளே போய்ச் சங்கத்தின் கோடைத் திறந்தார். ஏழு வரியும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் காரணம் எழுதியிருந்தது. வழிகாட்டி ஃபைலைத் திறந்தார். அவருடைய பதினான்கு பக்கம் போன இடம் தெரியவில்லை. ஒன்றரைப் பக்கம் இருந்தது. தமிழில்.

'நாற்பத்தொன்றாம் தோப்பு பழனாத்தாளுடையது. செவ்வாய் வேண்டாம். இந்த வரி தேவையில்லாதது மாதிரி தெரியும். எடுத்தால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது.'

'வெள்ளிக்கிழமை அரை நாள். காரணம் கோயில் என்று எழுதவும்.'

ஆனந்தகுமார் இறங்கி வந்தபோது செல்வப்பிரியா யாரோ ஒரு தோப்புக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். முடிக்கிற வரை நிற்க வைத்தாள்.

"ஏம்புள்ள, அந்தத் தாள ஜின்சன்கிட்டக் குடுத்தது நீதானா?"

"ஆமாங்க. நீங்க எழுதினதப் படிச்சுப் பாத்தாராம். ஒண்ணும் மனசிலாகலன்னு எனக்குத்தான் போன் பண்ணினாரு."

"உனக்கு எதுக்குப் பண்ணறாரு?"

"மூணு வருசமா எல்லாரும் எனக்குத்தானுங்க பண்ணறாங்க. மொத மாசமே, என்ர போன்ல கூப்புடாதீங்கன்னு சங்கத்துக்காரங்ககிட்ட நீங்கதானுங்க சொன்னீங்க. யாருக்கு என்ன கொறன்னு நான் கேட்டு, மாடிக்கு வந்து சொல்லுவேன். நீங்க நாற்காலியத் திருப்பாமயே எழுதுவீங்க."

"அதுக்கோசரம்? அது என்ர பொழப்பு, செல்வி. அது போச்சுன்னா நான் இந்த ஊர்ல யாரு?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

"உங்க பதினாலு பக்கத்தையும் நான் படிச்சேனுங்க. பொண்ணுகிட்டக் குடுத்து அர்த்தம் கேட்டுக் கேட்டுப் படிச்சேன். பெங்களூருக்காரங்க மூணு பேருக்கு நன்றி சொல்லியிருந்தீங்க. அவங்க இந்தத் தோப்பெல்லாம் பாத்திருக்காங்களாங்க?"

ஆனந்தகுமார் பதில் தேடினார். வாயில் இங்கிலீஷ்தான் வந்தது. விழுங்கிவிட்டார்.

"திங்கக்கெழமையில இருந்து என்னைச் சங்கத்துக்கு வரச் சொல்லியிருக்காங்க," என்றாள் அவள். "அந்த ஃபைலப் பாத்துக்கறதுக்குத்தான். உங்க நாற்காலி அங்க வேண்டாமுங்க, அவங்களே தாராங்க. சட்டை தேச்சு மாட்டியிருக்கறீங்களே, எங்கயாச்சும் போறீங்களா?"

எங்கும் போகவில்லை. மாடிக்குத்தான் போனார். கதவைச் சாத்திக்கொண்டு, சங்கத்து ஏஐயிடம் நேராகக் கட்டளை தட்டினார். 'நான் ஆனந்தகுமார். இந்த மென்பொருளை உருவாக்கியவன். என் பழைய வழிகாட்டியைத் திரும்ப வை.'

'சரிங்க. நல்ல யோசனைங்க,' என்று உடனே பதில் வந்தது.

ஏஐ இத்தனை மரியாதையாகப் பேசி அவர் பார்த்ததில்லை. நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. ஃபைலைத் திறந்தார். அதே ஒன்றரைப் பக்கம். மறுபடி கட்டளை இட்டார். மறுபடியும் சரிங்க. மறுபடியும் ஒன்றரைப் பக்கம். மூன்றாம் தரம்தான் அதன் அடி வரை வாசித்தார். அங்கே, மற்ற எல்லாவற்றையும் போலத் தெளிவாக, ஒரு குறிப்பு இருந்தது.

'மாடியிலிருந்து ஆனந்தகுமார் என்று ஒருவர் ஏதாவது சொல்வார். மறுத்துப் பேச வேண்டாம், மனம் நோகும். சரிங்க என்று சொல்லவும். அவர் சொன்னதைத் தனியாக எடுத்து வைக்கவும். வேலையில் சேர்க்க வேண்டாம். இருபது வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. ஒரு குறையும் வந்ததில்லை.'

இருபது வருஷம். எதற்கெல்லாம் அவள் சரிங்க என்றிருக்கிறாள் என்று எண்ணத் தொடங்கினார். பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தது, நிலம் பார்த்தது, பெங்களூர் வீட்டை விற்றது. பாதியில் நிறுத்திக்கொண்டார். எழுந்து கதவைத் திறந்து, மாடிப்படியின் தலையில் நின்று, ஊரில் பாதிப் பேருக்குக் கேட்கிற குரலில் சொன்னார்:

"செல்வி, அந்தக் கடைசிக் குறிப்ப இப்பவே எடுத்தாகோணும்."

"சரிங்க," என்றது கீழேயிருந்து.