தாலுகாவுக்கு ஒரு ஆள்

வேலம்பாளையம்,
9.7.2007

அன்புள்ள தம்பி கன்னையனுக்கு,

அக்கா மருதாள் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் மச்சானின் முட்டி வலியும் அவரை விட்டுப் போகாமல் சுகமாக இருக்கிறது. பெங்களூரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நம் பனியன் கம்பெனிக்கு நீ செய்து தந்த ஆள் பதிவேட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகக் கூடாது என்று நான் கேட்டேன், நீ இன்டெக்ஸ் போட்டுத் தந்தாய். அதில் ஒரு ஆளுக்கு இவ்வளவு இடம்தான், தமிழ் எழுத்து இங்கிலீஷைப்போல மூன்று மடங்கு இடம் பிடிக்கும், அதனால் முதல் நாற்பது எழுத்தை மட்டும் (கால், கொம்பு, புள்ளிகூடத் தனித்தனி எழுத்தாம்) ஒப்பிட்டுப் பார்க்கும் என்று நீ சொன்னபோது, விலங்கியல் படித்த நான் தலையாட்டினேன். நாற்பதுக்குள் யாருக்கும் பெயர் முடிந்துவிடுமே! ஆனால் உன் மச்சானுக்கு மாவட்டம் முதலில் வர வேண்டும். எந்தக் கோயில் கொடைவிழாவுக்கு எந்தப் பக்கத்து ஆட்கள் மொத்தமாக லீவில் போவார்கள் என்று முன்னாலேயே தெரியோணுமாம். சரியென்று மாவட்டம், தாலுகா, ஊர், அப்புறம் பெயர் என்று ஒரே கட்டத்தில் அடித்தேன். "திருநெல்வேலி மாவட்டம், சங்கரன்கோவில் தாலுகா" என்று முடிப்பதற்குள் நாற்பதும் தீர்ந்துபோகிறது. அந்தத் தாலுகாவிலிருந்து முதலில் வந்த நதியா உள்ளே போய்விட்டாள். அதே தாலுகாவிலிருந்து அடுத்து வந்த மூக்கம்மாளை, ஏற்கெனவே இருக்கிறாள் என்று கம்ப்யூட்டர் திருப்பி அனுப்புகிறது.

"நான் இப்பதானக்கா வாரேன், அதுக்குள்ள எவ உள்ள போயி இருக்கா?" என்கிறாள். நம் கம்பெனியில் இப்போது தாலுகாவுக்கு ஒரு ஆள்தான், எலெக்சனில் ஜெயித்து வந்த மாதிரி. பதினொரு பேர் வெளியே நிற்கிறார்கள். பத்துப் பேரிடம் கம்பெனியின் பழைய அடையாள அட்டையாவது இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த மூக்கம்மாளிடம் அதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை நம் பனியனை வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆட்கள், பதிவேட்டையும் ஆட்களையும் சரிபார்க்க ஆடிட்டுக்கு வருகிறார்கள். பதிவில் இல்லாதவளை வேலையை விட்டே நிறுத்திவிடலாம் என்கிறார் சூப்பர்வைசர்.

உன் மச்சான் ஒரு யோசனை சொன்னார். "ஏம்புள்ள, உடுமலைப்பேட்டைன்னு போட்டுட்டாத்தான் என்ன? அந்தத் தாலுகா காலியாத்தான கெடக்குது."

மூக்கம்மாள் விடவில்லை. "உடுமலையில எங்களுக்கு யாருக்கா இருக்கா? பொண்ணு குடுத்துருக்கமா, எடுத்துருக்கமா?"

யோசித்துப் பார்த்தால் தப்பு உன்மேல் இல்லை, தம்பி. ஒருத்தியைக் கூப்பிடுகிற பெயரைக் கடைசியில் தள்ளி, மாவட்டத்தை முன்னால் உட்கார வைத்தவள் நான்தான். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான். நீ வேலையை விட்டு ஓடி வராதே. வெள்ளிக்கிழமைக்குள் போனில் வழி சொன்னால் போதும்.

நீ போகுமிடமெல்லாம் உன் பெயர் முன்னால் நிற்கட்டும்.

அன்புடன்,
அக்கா மருதாள்

பி.கு.: கவர் ஒட்டுவதற்குள் உன் மச்சான் கம்ப்யூட்டர் கடைப் பெருமாள்சாமியைக் கூட்டி வந்து அந்த இன்டெக்ஸையே எடுத்துவிட்டார். மூக்கம்மாள் உள்ளே போய்விட்டாள். பட்டனை அமுக்கியும் ஒன்றும் அசையவில்லை என்று உன் மச்சான் ஆறு தடவை அமுக்கியிருக்கிறார். இப்போது ஆறு மூக்கம்மாள். அந்தப் பட்டியலைப் பையருக்கும் ஈமெயிலில் அனுப்பியாகிவிட்டது. ஒரே ஊரில் ஒரே பெயரில் ஆறு பேரா, அவர்களைத்தான் தனித்தனியாகப் பேட்டி காண்போம் என்று பதில் வந்திருக்கிறது. "அதுக்கென்னக்கா, ஆறு சேல மாத்திட்டு வந்தா ஆச்சு" என்று மூக்கம்மாள் தைரியம் சொல்கிறாள். உன் மச்சான் சேலை எடுக்கக் கிளம்பிவிட்டார். கன்னையா, இதைப் படித்த கையோடு பஸ் ஏறு.