ரஞ்சிதம் என்ற கழுதைப்புலி ஒருமனப்பட்ட கதை

ஒரு காட்டில், மற்ற காடுகளில் சிங்கத்தின் குகை இருக்கும் இடத்தில், ஒரு மனவள ஆலோசனை மையம் இருந்தது. அதை நடத்தியவர் சாந்தரூபன் என்ற தேவாங்கு. வெயில் கூசும் என்பதால் எப்போதும் கண்ணைப் பாதி மூடியே வைத்திருப்பார். அதைத் தியானம் என்று நினைத்துக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

ஒருநாள் காலை ரஞ்சிதம் என்ற கழுதைப்புலி அங்கே வந்தாள். பாவம், எட்டு நாளாக அவளுக்கு அன்னந்தண்ணி இறங்கவில்லை. எல்லாம் ஒரு காட்டுப்பன்றியால் வந்தது. ஆற்றங்கரையில் நாலு பேர் முன்னால் அது, "ஏங்க, நீங்க கழுதையா, புலியா? தெரிஞ்சா கூப்பிட வசதியா இருக்கும்" என்று கேட்டுவிட்டது. அன்றிலிருந்து இறைச்சியைப் பார்த்தால் அவளுக்குள் இருக்கும் கழுதை முகம் சுளித்தது. புல்லைப் பார்த்தால் புலி முகம் சுளித்தது. இரண்டுக்கும் நடுவில் ரஞ்சிதம் எலும்பும் தோலுமாகிவிட்டாள்.

வாசலில் காக்கை ஒரு படிவத்தை நீட்டியது. 'இனம்: கழுதை / புலி. ஒன்றில் மட்டும் டிக் செய்யவும்.'

"அது தெரியாமத்தானே வந்திருக்கேன்?"

"அப்ப 'இதர'ன்னு போடுங்கம்மா. பின்னாடி ஆள் நிக்குது."

'இதர' என்று எழுதும்போது அவளுக்குக் கண் கலங்கியது.

உள்ளே சாந்தரூபன் அவளைக் கனிவோடு பார்த்தார். "நான் நோயை மட்டும் பார்க்கிறவன் இல்லை. உடம்பு, மனசு, ஆன்மா மூணையும் சேர்த்து முழுமையாப் பார்ப்பேன். அந்தக் கல்லுல கழுதையா உட்காருங்க. இந்தக் கல்லுல புலியா உட்காருங்க. ரெண்டு பேரும் மனசுவிட்டுப் பேசுங்க."

ரஞ்சிதம் மாறி மாறி உட்கார்ந்தாள்.

கழுதை கேட்டது: "ஒரு மானையாவது துரத்திப் பிடிச்சிருக்கியா? உனக்கு எதுக்குடி இந்தக் கோடு?"

புலி சீறியது: "நீ ஒரு மூட்டையாவது சுமந்திருக்கியா? உனக்கு எதுக்கு இம்மாம் பெரிய காது?"

உச்சிப்பொழுது வரை இரண்டும் கத்தின. பிறகு இரண்டும் அழுதன. அழுது ஓய்ந்ததும் ரஞ்சிதம் தயங்கிச் சொன்னாள்: "ஐயா, சண்டை நின்னுடுச்சு. ரெண்டும் ஒண்ணாயிட்டாப்பல இருக்கு."

சாந்தரூபனுக்கு மெய்சிலிர்த்தது. எத்தனை பேருக்கு ஆலோசனை சொல்லியிருப்பார்! ஒரே நாளில் ஒருத்தருக்கும் இப்படிக் கைகூடியதில்லை. "ரெண்டும் ஒரே குரல்ல என்ன சொல்லுது?"

"பசிக்குதுன்னு சொல்லுது."

"அருமை! அதை அடக்காதீங்க. வெட்கப்படாதீங்க. அது சொல்றபடியே செய்ங்க."

கழுதை உதைத்தது. புலி கவ்வியது. ஒரே வாய்தான்.

ரஞ்சிதம் திடுக்கிட்டுப் போனாள். ஐயோ, நல்ல மனுஷராச்சே! குற்ற உணர்ச்சி ஏதாவது வருகிறதா என்று கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டுப் பார்த்தாள். வரவில்லை. ஏப்பம் வந்தது. பிறந்ததிலிருந்து இப்படியொரு நிறைவை அவள் அறிந்ததில்லை.

வெளியே வந்தவளைக் காக்கை கேட்டது: "என்னம்மா, முகத்துல இவ்வளவு தெளிச்சி! ஐயா எங்கே?"

"உள்ளே இருக்கார்," என்றாள் ரஞ்சிதம். பொய் சொல்ல அவளுக்கு வராது.

காக்கை வரிசையைப் பார்த்துக் கரைந்தது: "ஐயா உள்ளேதான் இருக்காராம். எல்லாரும் உட்காருங்க."

நீதி: பிளவுபட்ட மனத்தை ஒன்றுசேர்க்கும் முன், 'சாப்பிட்டாச்சா?' என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது ஆலோசகரின் உடல்நலத்துக்கு நல்லது.