சளிச் சாமிக்கு ஒரு டோக்கன்

அந்த வருடம் மார்கழியில் செகந்திராபாத் பக்கம் மௌலா அலியில் ஆட்டோ நிறுத்த இடமில்லை. மலை மேலே தர்காவில் வேண்டுதலுக்கு வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். கீழே, ரயில்வே காலனிக்குப் பின்னால் ஒரு வாடகை போர்ஷனில் சளிச் சாமி குடியேறியிருந்தார். கைக்குழந்தையின் நெஞ்சில் கட்டிய சளியைப் பித்தளைக் குழல் வைத்து உறிஞ்சுவார். உறிஞ்சியதைத் தட்டில் துப்பிக் காட்டுவார். மருந்து தேவையில்லை, ஊசி தேவையில்லை, எக்ஸ்ரே தேவையில்லை என்று வாசலில் போர்டு இருந்தது. மூளையும் தேவையில்லை என்பதை எழுத மட்டும் இடம் போதவில்லை போலும்.

வரிசையில் நின்றவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்றால் பாவம் என்று விட்டுவிடலாம். எல்லோரும் ஹைடெக் சிட்டியில் அமெரிக்காக்காரனுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக்கூடக் கழற்றாமல் கைகூப்பி நின்றார்கள். நியூ ஜெர்ஸியில் இருக்கும் குழந்தைக்கும் சாமி சளி எடுத்தார். அங்கே அம்மா போனைக் குழந்தையின் நெஞ்சில் வைத்துப் பிடிப்பாள். இங்கே சாமி செல்போனில் குழலை வைத்து உறிஞ்சுவார். அமெரிக்கச் சளி மௌலா அலியில் வந்து விழும். எந்தக் கஸ்டம்ஸ்காரனும் அதைப் பிடிக்கவில்லை.

வாசுவுக்கு இந்தச் செய்தி ஆபீஸ் மெயிலில் வந்தது. எல்லாப் பெற்றோரும் படியுங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று போட்டிருந்தது. வாசு ஆபீஸ் முழுவதற்கும் அனுப்பினான். கும்பகோணத்துக்காரன், டீம் லீடர், கெட்டிக்காரன். புரோகிராமில் ஒரு கமா விட்டுப்போனால்கூட எழுதியவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஏன், எதனால், யார் சொன்னது என்று குடைந்து எடுத்துவிடுவான். அந்தக் குடைச்சலை ஆபீஸிலேயே பத்திரமாகப் பூட்டிவிட்டுத்தான் அல்வாலில் இருக்கும் வீட்டுக்கு வருவான்.

அவனுடைய ஐந்து மாதப் பெண் மித்ராவுக்கு மூக்கு ஒழுகியது. உடனே நண்பனின் மச்சான் மூலம் சிபாரிசு பிடித்து ஒரு டோக்கன் வாங்கிவிட்டான். அமெரிக்க விசா வந்தபோதுகூட அவன் அப்படித் துள்ளியதில்லை.

டோக்கனோடு சட்டதிட்டங்களும் வந்தன. குழந்தையைப் பிரம்புக் கூடையில் படுக்கவைத்து, மேலே வெள்ளைத் துணி மூடி, வீட்டிலேயே முடிச்சுப் போட்டுக் கொண்டுவர வேண்டும். வழியில் திறக்கக் கூடாது. திறந்தால் காற்றுப் பட்டுச் சளி முதுகுப் பக்கம் ஓடி ஒளிந்துகொள்ளும். சாமியும் திறக்க மாட்டார், துணி மேலேயே குழலை வைத்துவிடுவார். சளிக்குப் பயந்த சுபாவம் என்பதை மருத்துவ உலகம் அன்றுவரை அறியவில்லை.

டோக்கன் நாள் காலையில் அவன் மனைவி சுபாஸ்ரீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் கோயம்புத்தூர்க்காரி. இன்னொரு கம்பெனியில் டெஸ்டர். அடுத்தவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை என்று பார்ப்பது அவள் வேலை.

"என்னங்க, நேத்து வரைக்கும் மூக்குதான் ஒழுகுச்சு. பால் குடிச்சா, சிரிச்சா, நானும் பயப்படலை. இப்ப மூச்சு ரொம்ப வேகமா வாங்குது. விலாவுக்குக் கீழ குழி விழுகுது பாருங்க. பாலும் குடிக்க மாட்டேங்கறா. டாக்டர்கிட்ட போயிரலாங்க."

"அதான் பத்து மணிக்கு டோக்கன் இருக்கே சுபா. சாமி சளியை எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்."

"முதல்ல டாக்டருங்க. அப்புறம் உங்க சாமி."

"அதுக்குள்ள டோக்கன் போயிடும். அடுத்தது பொங்கலுக்கு அப்புறம்தான்."

எதிர் ஃபிளாட் ஆக்னஸ் சத்தம் கேட்டு வந்தாள். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம், ரயில்வே ஆபீசில் வேலை. குழந்தையின் சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்த்தாள். "நக்கோ பாபு, வேணாம். இது சாமி கீமி வேலை இல்ல. பச்சப் புள்ளைக்கு மூக்கு இப்பிடி விரியுது, நீ டோக்கன் டோக்கன்னு நிக்கிற. எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

"ஆன்ட்டி, உங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னா விடுங்க. இது எங்க குழந்தை."

சுபாஸ்ரீ ஒரு நிமிடம் அவன் முகத்தைப் பார்த்தாள். "சரி, நீங்க போய்க் குளிங்க. கூடையை நான் கட்டி வெக்கறேன்" என்றாள்.

வாசு ஜெயித்துவிட்டதாக நினைத்தான். பெண்டாட்டி அவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னால் கல்யாணமானவன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவன் யோசிப்பதைத்தான் ஆபீஸில் வைத்துவிட்டு வந்திருந்தானே.

குளித்துவிட்டு வந்தபோது கூடை தயாராக இருந்தது. துணி மூடி, முடிச்சுகள் இறுக்கிப் போட்டிருந்தன. "நீங்க ஆட்டோவுல முன்னாடி போங்க. நான் ஆன்ட்டியோட ஸ்கூட்டர்ல கிளம்பறேன்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சுபாஸ்ரீயின் குரல் வந்தது.

ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு மெல்லத் தட்டிக்கொடுத்தான். ஆராரோ பாடினான். ஆட்டோக்காரர் கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்தார். கூடை நல்ல கனம். சளியோடும் பெண் எடை போட்டிருக்கிறாளே என்று வாசுவுக்குப் பெருமையாக இருந்தது.

சாமியின் முறை வந்தது. முறை என்றால் வாசுவின் முறை. சாமிக்கு நெற்றி நிறையச் சந்தனம், கன்னம் இரண்டும் உப்பல். பூர்வாசிரமத்தில் பெயர் லட்சுமணன்.

"யாருக்குப்பா?"

"பொண்ணு சாமி. அஞ்சு மாசம்."

சாமி துணியின் மேல் காதை வைத்தார். கண்ணை மூடினார். உச்சுக் கொட்டினார். "நெஞ்சு பூராக் கட்டிக்கினு இருக்குது. உள்ள கொதிக்கிற சத்தம் எனக்குக் கேக்குது. அமாவாசை அன்னிக்குக் குழந்தைய வெளிய எட்த்துக்கினு போனீங்களா?"

வாசுவுக்குப் புல்லரித்தது. "ஆமா சாமி. சூப்பர் மார்க்கெட்டுக்கு."

கூட்டம் ஆகா என்றது. சாமி துணி மேல் குழலை வைத்து உறிஞ்சினார். கண் பிதுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு பித்தளைத் தட்டில் துப்பினார். வெள்ளையாக, கொழகொழவென்று, அவ்வளவு பெரிய சளிக்கட்டி.

"பார்த்துக்கோ. இத்தனையும் அந்தச் சின்ன நெஞ்சுல இருந்துச்சு. இனிமே இருமலே வராது. குழந்தை அழுவுதா பாரு, சத்தமே இல்ல."

உண்மைதான். கூடையிலிருந்து மூச்சு விடும் சத்தம்கூட வரவில்லை. கூட்டத்தில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது வாசுவின் செல்போன் அடித்தது.

"சுபா, எங்க இருக்க? சாமி சளியை எடுத்தாச்சு. மித்ரா சமத்தாத் தூங்கறா."

"மித்ரா எங்கூட ஆஸ்பத்திரியில இருக்காளுங்க. ஆக்ஸிஜன் வெச்சிருக்காங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ரொம்பக் கஷ்டமாயிருக்கும்னு டாக்டர் சொல்றாரு."

"அப்ப கூடையில?"

"பிரிச்சுப் பாருங்க. உங்களோட சண்டை போட நேரமில்லைங்க. தப்பான சரக்கைக் கொடுத்து என்ன பதில் வருதுன்னு பாக்கறதுதான் என் வேலை. பார்த்துட்டுச் சொல்லுங்க."

வாசு முடிச்சை அவிழ்த்தான். உள்ளே, மித்ராவின் ரோஸ் நிறக் குல்லாவைப் போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைப் பூசணிக்காய் படுத்திருந்தது. திருஷ்டிக்காக வாசலில் கட்டுவதற்கு அவனே வாங்கி வந்த காய்.

கூட்டம் முண்டியடித்து எட்டிப் பார்த்தது. சாமி மட்டும் அசரவில்லை. "பார்த்தீங்களா மகிமைய? குழந்தை அங்க, சளி இங்க. காய் வழியா இழுத்துட்டேன்."

என்ன ஆச்சரியம், பாதிக் கூட்டம் அதற்கும் தலையாட்டியது. பூசணிக்காய்க்குச் சூடம் காட்டலாமா என்று ஒருவர் மெல்லக் கேட்டார்.

வாசு குல்லாவைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டான். பெண்ணுக்கு மூச்சு முட்டிய நேரத்தில் ஒரு காய்க்குத் தாலாட்டுப் பாடியிருக்கிறான். அந்த வெட்கத்தில் ஆபீஸில் பூட்டி வைத்த குடைச்சல் தானாகவே திறந்துகொண்டது. தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினான்.

"சாமி, இன்னொரு தடவை எடுங்க. அதுக்கு முன்னாடி வாயை நல்லாக் கொப்பளிச்சிட்டு எல்லாருக்கும் ஆ காட்டுங்க."

"விரதம்ப்பா. தண்ணி படக் கூடாது."

"சும்மா திறந்தாவது காட்டுங்க. கன்னம் ஏன் உப்பியிருக்கு?"

அடுத்த டோக்கன்காரியான ஸ்டெஃபி, இருமுகிற தன் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு கிட்டே வந்தாள். "ஹவ், ஆமா, கரெக்ட். திறங்க சாமி. எங்க புள்ள வாய டாக்டர் டார்ச் அடிச்சுப் பாக்குறாரே, உங்க வாயப் பாத்தா என்ன?"

சாமி கன்னத்தில் இருந்த மிச்சச் சரக்கை அவசரமாக விழுங்கப் பார்த்தார். அது புரை ஏறியது. இருமினார். முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. கைக்கெட்டும் தூரத்தில் பித்தளைக் குழல் கிடந்தது. அதை அவர் தொடவே இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர்... டாக்டரக் கூப்புடு..." என்றார்.

ஸ்டெஃபி முதுகில் ஓங்கி நாலு தட்டுத் தட்டினாள். குழைய வேகவைத்துப் பிசைந்த ஜவ்வரிசி, அடுத்த நாலைந்து குழந்தைகளின் சளி, மொத்தமாக வெளியே வந்து விழுந்தது. மூச்சு வந்ததும் சாமிக்கு வேகமும் வந்தது. பின்பக்கச் சுவரேறிக் குதித்தவரை அதற்குப் பிறகு மௌலா அலியில் யாரும் பார்க்கவில்லை.

வாசு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். மித்ராவின் மூக்கில் சின்னக் குழாய் இருந்தது. விலாவுக்குக் கீழே விழுந்த குழி குறைந்திருந்தது. அவள் விரலைத் தொட்டதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டர் ஏனோக் பொறுமையாகச் சொன்னார். "சளி, இருமல் எல்லாக் குழந்தைக்கும் வரும். பால் குடிச்சிட்டு விளையாடிட்டு இருந்தா வீட்டுலயே பார்த்துக்கலாம். மூச்சு வேகமா வாங்கினா, விலாவுக்குக் கீழ குழி விழுந்தா, பால் குடிக்காம துவண்டு போனா, உதடு நீலம் பாய்ஞ்சா உடனே தூக்கிட்டு ஓடி வரணும். மூணு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைன்னா, காய்ச்சல் அடிச்சாலே வந்துடணும்."

வாசு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தான். "டாக்டர், எக்ஸ்ரே அவசியமா? இந்த மருந்துக்கு சைடு எஃபெக்ட் உண்டா? நீங்க எங்க படிச்சீங்க? வேற டாக்டர்கிட்ட ஒருதரம் கேட்டுக்கலாமா?"

ஆக்னஸ் தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் மட்டும் சிரித்தபடி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். எல்லாம் முடிந்ததும், "நல்ல கேள்விங்கதான் வாசு. இதுல எதையாவது அந்த ஆள்கிட்ட கேட்டீங்களா?" என்றார்.

வாசு குனிந்து மித்ராவின் போர்வையைச் சரிசெய்தான். நீங்கள் கேட்டிருப்பீர்களா? பதில் சொல்கிறவரை நிற்கவைத்துக் குடைகிறோம், கேட்கவே கூடாது என்கிறவன் காலில் போய் விழுகிறோம். குழந்தைக்குச் சளி பிடித்தால் தூக்கிக்கொண்டு ஓட ஆஸ்பத்திரி இருக்கிறது. பெற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திக்கொண்டால், அவர்களை யார் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது?