மயிலைக் காளையும் கலர் அண்ணனும்

நாலு கால் பிராணி எதையும் அதன் சொந்த நிறத்தில் வரையாத ஓவியர் உலகத்திலேயே எங்கள் பூதலூர் கலர் அண்ணன் ஒருவர்தான். கல்லூரி நூலகத்தில் ஒரு ஜெர்மன் ஓவியப் புத்தகத்தைப் புரட்டும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மாட்டுத்தீவனக் கடை பாய், பெயர்ப்பலகைக்கு ஒரு பசு கேட்டார். வந்தது நீலப் பசு.

"என்னப்பா இது? என் புண்ணாக்கத் தின்னு வெஷம் ஏறுன மாதிரி நிக்குது!"

"பசில நிக்குது பாய். சாப்ட்டா கலர் மாறிடும்."

"எப்ப சாப்டும்?"

"அது நீங்க போடுறதப் பொறுத்தது."

கறிக்கடைக்குப் பச்சை ஆடு வரைந்தார். கறி கெட்டுவிட்டது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவே கத்திரிக்காய்க் குழம்பு வைத்தது.

நான் புத்தகமும் கையுமாக ஓடினேன். "அண்ணே, மனசுல படுற கலர்ல வரையறீங்கள்ல, அதுக்குப் பேரு எக்ஸ்பிரஷனிசம்!"

"ஐயையோ, மருந்து இருக்கா தம்பி?"

ஆற்றில் தண்ணீர் வராத வருடம் அது. ஊர் மிராசுதார் நிலத்தையும் காளையையும் விற்றுவிட்டுச் சென்னையில் மகன் வீட்டுக்குக் கிளம்பினார். புது ஃபிளாட்டில் மாட்ட அந்தக் காளையின் படம் வேண்டும் என்றார். அண்ணனுக்குத் துபாய் போக பெயிண்டர் விசா வந்திருந்தது. படம் பிடித்துவிட்டால் சென்னையில் நாலு பேரிடம் சொல்லி வேலை வாங்கித் தருவதாக மிராசுதார் வாக்குக் கொடுத்தார். இல்லாவிட்டால் விமானம்தான்.

மயிலைக் காளை என்றால் சாம்பல் கலந்த வெள்ளை. மிராசுதார் வந்ததும் அண்ணன் படத்தின் திரையை விலக்கினார். மயில் கழுத்து நீலத்தில் ஒரு காளை, கண்ணைச் சுற்றி ரத்தச் சிவப்பு. பேரை நம்பி மயிலாகவே வரைந்துவிட்டாரே என்று நினைத்தேன்.

"ஐயா, ஜெர்மனில குதிரையவே நீலமாத்தான் வரைஞ்சிருக்காங்க" என்று முந்திக்கொண்டேன்.

"அப்ப அங்கயே கொண்டுபோயி விக்கச் சொல்லு. என் மாடு வெள்ளடா!"

அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "லாரில ஏத்தும்போது திரும்பி உங்க வீட்டப் பாத்துச்சுங்க. அப்ப இந்தக் கலர்லதான் இருந்துச்சு."

மிராசுதார் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். "வெள்ளையடிச்சுக் குடு, எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

"அடிச்சுத்தான் குடுங்களேன். ஒரு டப்பா வெள்ளைதானே?" அண்ணி கெஞ்சினார்.

"நான் பாத்தேனே, புள்ள."

அவ்வளவுதான். துபாயில் எண்ணெய்க் குழாய்களுக்குச் சாம்பல் நிறம் அடிக்கும் வேலை. நீளம் எவ்வளவு என்று கேட்டேன். "பாலைவனம் முடியுற வரைக்குமாம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விமானம் பிடிக்கச் சென்னை கிளம்பியவரை ரயில் ஏற்றிவிடப் போயிருந்தேன். பாஸ்போர்ட்டில் கறை படக் கூடாது என்று அண்ணி மண்ணெண்ணெய் போட்டு அவர் கைகளைத் தேய்த்துக் கழுவி அனுப்பியிருந்தார். ஜன்னல் வழியே நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையின் சொந்த நிறத்தை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

அது அவருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.